மாயாவிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

மூன்றாம் பக்கத்தில் லாரியைத் தூக்கி எறிந்த நாயகன், பதினெட்டாம் பக்கத்தில் ஒரு மரக்கதவு பூட்டியிருக்கிறதே என்று திகைத்து நிற்கிறான். சூப்பர் ஹீரோ ஸ்கிரிப்டுகளில் அடிக்கடி தட்டுப்படும் கோளாறு இது. கேட்டால், அங்கே அவன் மாட்டிக்கொண்டால்தான் கதை நகரும் என்பார்கள். கதை நகர்ந்துவிடும், உண்மைதான். வாசகர் அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுவார். அதன்பின் நாயகன் எவ்வளவு அடி வாங்கினாலும் அவருக்குப் பதற்றம் வராது. எழுத்தாளருக்குத் தேவைப்படும்போது எழுந்துகொள்வான் என்று தெரிந்துபோகிறது.

இந்தத் துறையின் மூத்த பிள்ளை இதில் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1938-இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் கொண்டுவந்த சூப்பர்மேன் பறக்கவில்லை, எட்டில் ஒரு மைல் தூரம் தாவினான். இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டுவான், எக்ஸ்பிரஸ் ரயிலை முந்துவான், வெடிக்கும் பீரங்கிக் குண்டுக்குக் குறைந்த எதுவும் அவன் தோலைத் துளைக்காது. எல்லாமே அளவு சொல்லிக் கொடுக்கப்பட்ட சக்திகள். எறும்பு சுமக்கும் பாரத்தையும் வெட்டுக்கிளியின் தாவலையும் காட்டி, முதல் பக்கத்திலேயே அதற்கு ஒரு நியாயமும் வைத்தார்கள்.  

பிறகு வானொலித் தொடரும் 1941-இல் தொடங்கிய ஃப்ளைஷர் கார்ட்டூன் படங்களும் வந்தன. தாவுகிறவன் பறக்கிறவன் ஆனான். மார்ட் வெய்சிங்கர் சூப்பர்மேன் இதழ்களின் ஆசிரியராக இருந்த காலத்தில் கிரகங்களையே இடம் மாற்றினான். 1958-இல் வந்த ஒரு கதையில் அவன் கையிலிருந்து அவனைப் போலவே ஒரு குட்டி சூப்பர்மேன் கிளம்பிப் போனான்! இவ்வளவு வளர்ந்தவனுக்கு எதிரில் யாரை நிறுத்துவது? அவனைப் பலவீனமாக்கும் கிரிப்டோனைட் கல்லைத்தான் நிறுத்தினார்கள். பச்சைக் கல் பழகிப்போனதும் சிவப்புக் கல் வந்தது. அது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விளைவைத் தரும். கதையின் முழுப் பாரமும் நாயகனை விட்டுக் கல்லின் தலையில் ஏறியது. 1971-இல் எழுத்தாளர் டென்னி ஓநீல் சக்தியை வெட்டினார், அடுத்து வந்தவர்கள் பழையபடி ஏற்றிவிட்டார்கள். 1986-இல் ஜான் பைர்ன் மறுபடியும் வெட்ட வேண்டியிருந்தது.

பலத்தைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. பலசாலியை வைத்தும் நல்ல கதை எழுதலாம். அவனால் எது முடியாது என்பதை எழுத்தாளர் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும், தீர்மானித்ததைத் தனக்குக் கஷ்டமான இடத்திலும் காப்பாற்ற வேண்டும்.

இதற்கு நமக்கு நன்கு பழக்கமான உதாரணம் இருக்கிறது. 1962-இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழில் தொடங்கி, 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்த இரும்புக்கை மாயாவி. உடலில் மின்சாரம் பாய்ந்தால் நாயகன் லூயி கிராண்டேல் மறைந்துபோவான், இரும்புக் கை மட்டும் மறையாது. மறைவும் நிரந்தரமில்லை, சக்தி தீர்ந்ததும் உருவம் திரும்பிவிடும். இந்த மூன்று விதிகளும் எழுத்தாளருக்கு எவ்வளவு வேலை வைக்கின்றன, எவ்வளவு கொடுக்கின்றன என்று பாருங்கள். எதிரியின் கோட்டைக்குள் நுழைந்தவுடன் நம் கண் முதலில் சுவரில் பிளக் இருக்கிறதா என்று தேடுகிறது. ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கட்டங்களில் அந்தரத்தில் ஒரு கை தனியாக மிதந்து வரும்போது, காவலாளி இந்தப் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. முழுவதுமாக மறையக்கூடியவனாக இருந்திருந்தால் பிளாஸ்கோவுக்கு அங்கே வரைவதற்கு ஒன்றுமே இருந்திருக்காது.

விதியை மீறவே கூடாதா? மீறலாம், அதற்கான விலையைப் பக்கத்திலேயே செலுத்திவிட வேண்டும். ஸ்பைடர்மேனின் 33-ஆம் இதழை (1966) எடுத்துக்கொள்ளுங்கள். வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் நீரடித் தளத்தில், மலைபோன்ற இயந்திரத்தின் அடியில் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் சிக்கிக் கிடக்கிறான். மே அத்தையின் உயிரைக் காக்கும் மருந்து கண்ணெதிரே, கைக்கு எட்டாத தூரத்தில் கிடக்கிறது. கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. ஓவியர் ஸ்டீவ் டிட்கோ அவசரப்படவே இல்லை. பீட்டர் ஒருமுறை தூக்கித் தோற்கிறான், மறுபடி முயல்கிறான். கட்டங்கள் மெல்ல மெல்லப் பெரிதாகி, இயந்திரத்தை அவன் தள்ளி எழும் இடம் ஒரு முழுப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறது. வென்ற பிறகும் விலை தீரவில்லை. அடுத்து வருகிற ஆட்களோடு ஓய்ந்துபோன உடம்புடன்தான் மல்லுக்கட்டுகிறான். அந்த இயந்திரம் எத்தனை டன் என்று யாருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை.

1985-இல் அதே ஸ்பைடர்மேன், காலக்டஸின் முன்னாள் தூதனான ஃபயர்லார்டை வெறும் முஷ்டியால் அடித்து வீழ்த்தினான். துரத்தலும் களைப்பும் அந்தக் கதையிலும் உண்டு. என்றாலும் நட்சத்திரங்களுக்கிடையே பறப்பவனை அந்த முஷ்டி எப்படிச் சாய்த்தது என்பதற்குக் கதைக்குள் பதில் இல்லை, அதனால் ரசிகர்களின் வழக்கும் ஓயவில்லை. மார்வல் 1980-களில் வெளியிட்ட கையேடுகளில் இன்னார் இத்தனை டன் தூக்குவார் என்ற கணக்கெல்லாம் இருந்தது. சண்டையைத் தீர்க்க அது உதவும். 33-ஆம் இதழை எழுத உதவாது.

இனி இந்த இதழுக்கு ஸ்கிரிப்ட் அனுப்பும் நண்பர்கள், முதல் தாளில் ஐந்தாறு வரிகள் எழுதித்தர வேண்டும்: சக்தி எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் தாங்கும், உடம்பு அதற்கு என்ன விலை கொடுக்கிறது, எது கண்டிப்பாக முடியாது. அதன் ஒரு பிரதி ஓவியரிடமும் இருக்கட்டும். சக்தி ஊதிப்போவதில் பாதி தூரிகையில் நடக்கிறது. 'காரைத் தள்ளுகிறான்' என்று எழுதியிருப்பதை, பார்க்க எடுப்பாக இருக்கும் என்று ஒற்றைக் கையால் தூக்குவதாக வரைந்துவிடுகிறோம். அடுத்த கதையை எழுதுபவர் அந்தப் படத்தைச் சாட்சியாக வைத்துக்கொண்டு லாரிக்குப் போகிறார். தொடர் வேறொருவர் கைக்கு மாறும்போது, நாயகன் கடைசியாகச் செய்த பெரிய காரியம் எந்த இதழில், எந்தப் பக்கத்தில் என்பதையும் குறித்துக் கொடுங்கள். சக்தியைக் கூட்ட வேண்டியிருந்தால் தாராளமாகக் கூட்டுங்கள், ஆனால் அது தேவைப்படும் பக்கத்துக்கு வெகு முன்பே அதற்கான விதை விழுந்திருக்க வேண்டும். நான்கு பக்க நகைச்சுவைக் கதைகளுக்கு இந்தத் தாள் வேண்டியதில்லை.