ஜெயித்தவன் தலையில் வக்கீல் பீசா?

தாம்பரத்தில் விமானப்படைத் தளமும் பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகமும் இருப்பது யாவரும் அறிந்ததே. படையை விட்டு வந்தவர்கள் பலர் இப்பக்கங்களிலேயே குடியிருக்கிறார்கள். ஆகவே நாம் சொல்லப்போவதை ஏதோ டில்லிச் சங்கதி என்று சேலையூராரும் பல்லாவரத்தாரும் தள்ளிவிட முடியாது.

படை வேலையால் வந்த, அல்லது அதனால் முற்றிய ஊனம் நூற்றுக்கு 20க்குக் குறையாதிருந்தால் ஊனப் பென்ஷன் உண்டென்பது நெடுநாளைய விதி. ஆளைச் சேர்க்கும்போது டாக்டர் சோதித்து, திடகாத்திரன் என்று எழுதி எடுத்துக்கொள்ளுகிறார்கள். நோயாளியாக்கி அனுப்பும்போது மாத்திரம், "இது உன் உடம்போடு பிறந்த கோளாறு, எங்கள் வேலையால் வந்ததல்ல" என்கிறார்கள். புரோகிதன் சொல்லும் பூர்வஜென்ம கர்மத்துக்கும் இதற்கும் என்ன பேதம்? 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு இந்த வாதத்தை ஒப்பவில்லை. சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னால் வந்தால் அது வேலையால் வந்ததென்றே கொள்ளவேண்டும், அல்லவென்று ருசுப்பிக்கும் பாரம் சர்க்காருடையது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகும் சர்க்காரின் அப்பீல்கள் ஓயவில்லை.

நிற்க, ஜெயித்தவன் கதி என்ன? சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் ஜெயித்தவனை டில்லிக்கு இழுக்கிறார்கள். சர்க்கார் வக்கீலுக்குப் பொதுப் பணம்; அதில் இவன் கட்டிய வரியும் சேர்ந்திருக்கிறது. இவனுடைய வக்கீலுக்கோ இவனுடைய பென்ஷன் பாக்கியிலிருந்துதான் போகவேண்டும். கடைசியில் தீர்ப்பைப் புரட்டினால், "செலவுத் தொகை இல்லை" என்ற வழக்கமான வரி! தனக்குச் சேரவேண்டியதைப் பெறுவதற்கு ஒருவன் தெண்டம் கட்டுகிறான். தப்பிதம் செய்த அதிகாரிக்குக் காலணா நஷ்டமில்லை.

2018 ஏப்ரலில், படைவீரர் சம்பள உயர்வு பற்றி முன்பே முடிந்துபோன விஷயத்தைச் சர்க்கார் மறுபடி கிளப்பியதற்காக, நீதிபதி லோகூர் லட்ச ரூபாய் செலவு விதித்தார். நல்லதே. ஆனால் அந்தப் பணம் சிப்பாய் கைக்குப் போகவில்லை. வேறு தர்ம காரியத்துக்குப் போயிற்று. 2024 டிசம்பரில்தான், எல்லைக் காவலில் இறந்த ஒரு வீரரின் மனைவியைக் கோர்ட்டுக்கு இழுத்ததற்காக 50,000 ரூபாயை அந்த அம்மாளுக்கே கொடுக்கும்படி நீதிபதி ஓகா உத்தரவிட்டார். ஆனால் இதுவும் நீதிபதியின் கடாட்சம்தானே? சாமி எப்போது வரங்கொடுக்கும் என்று கோயில் வாசலில் காத்துக் கிடப்பதைக் கண்டிக்கும் நாம், கோர்ட்டு வாசலில் மாத்திரம் அப்படிக் கிடக்கலாமா?

அமெரிக்காவில் 1980லேயே இதைச் சட்டமாக்கிவிட்டார்கள். சர்க்கார் கட்சிக்குத் தக்க ஆதாரம் இல்லையென்றால், ஜெயித்தவனுடைய வக்கீல் பீசைச் சர்க்கார் கொடுக்கவேண்டும். ஊன உதவிப் பண வழக்குகளுக்கும் அது செல்லும். இங்கேயோ, வீண் வம்பு வழக்குக்குச் சிவில் நடைமுறைச் சட்டம் 35-ஏ பிரிவின்படி கிடைக்கக்கூடிய நஷ்டஈடு 3,000 ரூபாய்க்கு மேற்படாது. 1976இல் போட்ட கணக்கு அது!

இலவச வக்கீல் இருக்கிறாரே என்பார்கள். உண்மைதான். 1987ஆம் வருஷத்துச் சட்டம் 12ஆம் பிரிவின்படி ஊனமுற்றவர் எவரும், வருமானம் எவ்வளவாயினும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் கேட்கலாம். தெரியாதவர்களுக்குத் தோழர்கள் அவசியம் சொல்லவேண்டும். ஆனால் அந்தச் செலவும் பொதுப் பணமே. அநியாய அப்பீல் போட்டவனை அது தொடுவதில்லை.

2007ஆம் வருஷத்து ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தால் போதும்: முன்பே தீர்ந்த விஷயத்தில் சர்க்கார் தோற்றால் ஜெயித்தவனுடைய முழுச் செலவையும் அவன் கையிலேயே கொடுக்கவேண்டும் என்று. ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதிக்கு ஓட்டுக் கேட்டு வரும் அபேட்சகர்களிடம் இதைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.