காராச்சேவும் 80 காசு கவரும்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும். ஒரு போன் வந்தது. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பெண். சாத்தூர் பக்கம் வீட்டிலேயே காராச்சேவும் எலுமிச்சை ஊறுகாயும் போட்டு விற்கிறாள். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். மகளிர் குழுக் கடனில் தொடங்கிய தொழில். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

"சார், மதுரைக்கு அனுப்புன சேவு அறுபது பாக்கெட் திரும்பி வந்துருச்சு சார். காறல் வாடை அடிக்குதாம். சத்தியமா புது எண்ணெய்தான் சார் ஊத்துனேன்" என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொன்னேன். மறுநாளே பஸ் ஏறி வந்தாள். மெல்லிய கண்ணாடிக் கவர், மெழுகுவர்த்திச் சுடரில் வாய் ஒட்டியிருந்தது. ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தேன். ஓரத்திலிருந்து குமிழ் குமிழாகக் காற்று வந்தது.

"எண்ணெய் மேல தப்பில்லம்மா. கவர் மேலதான் தப்பு. கவர் என்ன விலை?"

"80 காசு சார்."

உள்ளே இருந்த சேவு 60 ரூபாய். 60 ரூபாய்ப் பொருளுக்கு 80 காசு காவல்!

மெல்லிய பாலிதீன் ஈரத்தை ஓரளவு தடுக்கும். ஆனால் ஆக்ஸிஜன் அதன் வழியாகச் சுலபமாக உள்ளே போய்விடும். எண்ணெயும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் காறல். வெயில் பட்டால் அது இன்னும் வேகமாக நடக்கும். கடைக்காரர் அந்தப் பாக்கெட்டுகளை வாசலில் சரமாகத் தொங்கவிட்டிருந்தாராம். போதாதா?

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 31 வருடம் வேதியியல் நடத்தினேன். ஆக்ஸிஜனேற்றம் என்றால் சோதனைக் குழாயில் ஆணியைப் போட்டுத் துருவைக் காட்டுவேன், சமன்பாடு எழுதுவேன், தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்பேன். அந்தப் பெண்ணும் அதை ஒழுங்காக எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான். உங்கள் வீட்டு முறுக்கு காறுவதும் இதே ஆக்ஸிஜனின் வேலைதான் என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. அந்த அறுபது பாக்கெட்டில் என் பங்கும் உண்டு.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். கவர் வாங்கும்போது முதலில் விலை பார்க்கிறோம், அடுத்துப் பளபளப்பைப் பார்க்கிறோம். உள்ளே வைக்கப்போகும் பொருளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது எண்ணெய்ப் பண்டமா, புளிப்பா, ஈரமா, சூடா? எத்தனை நாள் இருக்க வேண்டும்? எவ்வளவு தூரம் போக வேண்டும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்தக் கவர் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

எண்ணெய்ப் பலகாரம் ஒரு மாதம் கடையில் இருக்க வேண்டும் என்றால் காற்றையும் வெளிச்சத்தையும் தடுக்கும் பல அடுக்குக் கவர்தான் வேண்டும். சிப்ஸ் பாக்கெட் உப்பியிருப்பதைப் பார்த்து "காத்தை அடைச்சு விக்கிறான்" என்று திட்டுகிறோம். அதில் இருப்பது நைட்ரஜன். ஆக்ஸிஜனை வெளியேற்றவும், சிப்ஸ் நொறுங்காமல் இருக்கவும் அடைப்பது.

ஊறுகாயில் புளிப்பும் உப்பும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். கண்ணாடியை ஒன்றும் செய்யாது. நம் பாட்டிகள் பீங்கான் ஜாடியில் போட்டு வைத்தது இதற்காகத்தான். கண்ணாடி பாட்டிலிலும் தகர மூடியின் உள்பக்கப் பூச்சு உரிந்திருந்தால் வாங்காதீர்கள். அங்கேதான் துரு ஆரம்பிக்கும்.

அடுத்தது சூடு. போன மாதம் நம் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. பந்தி முடிந்ததும் மீந்த சாம்பாரைக் கொதிக்கக் கொதிக்கக் கவரில் கட்டிக் கொடுத்தார்கள். நானும் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சாம்பார் வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் மஞ்சள் கறை தேய்த்தாலும் போகாது, பார்த்திருப்பீர்கள். சாம்பாரில் இருப்பது பிளாஸ்டிக்குக்குள் போகிறது என்றால், பிளாஸ்டிக்கில் இருப்பது சாம்பாருக்குள் வராதா? சூடும் எண்ணெயும் சேர்ந்தால் அது இன்னும் சுலபம். தண்ணீர் பாட்டிலில் சூடாக ரசம் ஊற்றினால் பாட்டில் நெளிந்துவிடும். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருக்கும் பாட்டில் அது. 5 என்று போட்ட டப்பா சூடு தாங்கும். எல்லாவற்றையும் விட நல்லது தூக்குவாளி. அடுத்த விசேஷத்துக்கு நான் கையில் தூக்குவாளியோடுதான் வருவேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

செய்தித்தாளில் வடை, பஜ்ஜி வைத்துக் கொடுப்பதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறைகள் தடை செய்திருக்கின்றன. அச்சு மை எண்ணெயில் ஊறி வடையில் ஏறும். தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பட்டியலில் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய டீ கப்பும், தூக்குப் பையும் இருக்கின்றன. சட்டம் இருக்கிறது. டீக்கடையில் வடையைச் செய்தித்தாளில் அழுத்தி எண்ணெய் பிழிகிற கைகளில் நம் கையும் இருக்கிறதே!

"அந்தக் காலத்துல வாழையிலையும் மந்தாரையிலையும் ஓலைக் கொட்டானும்தான், என்ன குறைஞ்சு போச்சு?" என்று என் மைத்துனர் கேட்பார். அவருக்கு என் பதில் இதுதான். இட்லியை வாழையிலையில் கட்டினால் அதற்கு ஈடே கிடையாது. ஆனால் அந்த இட்லியை அன்றைக்கே சாப்பிட்டுவிடுவோம். கொட்டானில் வாங்கிய சேவை இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுவோம். பக்கத்தில் செய்து உடனே தின்றவர்களுக்கு இலை சரி. மதுரைக் கடையில் ஒரு மாதம் காத்திருக்க வேண்டிய சேவுக்கு ஓலை எப்படிப் போதும்? எல்லாப் பிளாஸ்டிக்கும் விஷம் என்பதிலும் அர்த்தமில்லை, எல்லா இலையும் அமிர்தம் என்பதிலும் அர்த்தமில்லை.

சரி, அந்தப் பெண் என்ன செய்தாள்? நான் சொன்னபடி ஒரே நாளில் போட்ட சேவை நன்றாக ஆறவிட்டு, மூன்று வகைக் கவரில் கட்டித் தேதி எழுதி வைத்தாள். வாரம் ஒரு பாக்கெட் பிரித்து, பிள்ளைகளை விட்டு ருசி பார்க்கச் சொன்னாள். 80 காசுக் கவர் இரண்டாவது வாரமே தோற்றது. பல அடுக்குக் கவர் ஒரு மாதம் தாங்கியது. அதன் விலை 4 ரூபாய். ஒட்டுவதற்கு ஒரு சீலிங் மிஷினும் வாங்கினாள். பாக்கெட் விலையை 5 ரூபாய் ஏற்றினாள். இரண்டு கடைக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் வாங்குகிறார்கள். இதுவரை ஒரு பாக்கெட் கூடத் திரும்பவில்லை.

எனக்கு ஒரு உறுத்தல் மட்டும் பாக்கி. அந்தப் பல அடுக்குக் கவரைப் பிரித்தெடுத்து மறுசுழற்சி செய்வது கடினம். சேவு கெடவில்லை, கவர் ஓடைக்கரையில் கிடக்கும். அதனால் அவளிடம் இப்படிச் சொல்லியிருக்கிறேன். உள்ளூர் விற்பனைக்குச் சின்னக் கொட்டான், வெளியூருக்கு மட்டும் அந்தக் கவர். ஊறுகாய்க்குக் கண்ணாடி பாட்டில், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய். 2022இல் நீலகிரியில் காலி மது பாட்டிலுக்கு 10 ரூபாய் தரத் தொடங்கினார்கள். மது பாட்டிலுக்கு முடிந்தது, கூடவே போகும் ஊறுகாய் பாட்டிலுக்கு முடியாதா?

கடைசியாக ஒரு வேண்டுகோள். நல்ல கவர் வேண்டும் என்றால் ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் எடுக்கச் சொல்கிறார்கள். இருநூறு, முந்நூறு கவர் கேட்கிற வீட்டுத் தொழில்காரர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்? திரும்பவும் 80 காசுக் கவருக்குத்தான் போவார். சிவகாசி, மதுரை, கோயம்புத்தூரில் அச்சுத் தொழிலிலும் கவர் தொழிலிலும் இருக்கும் என் மாணவர்கள் நாலைந்து பேராவது இதைப் படிப்பீர்கள். சிறு அளவில் கொடுக்க முடியுமா? நாலு வீட்டுக்காரர்களைச் சேர்த்து ஒரே ஆர்டராக எடுக்க வழி உண்டா? கீழே எழுதுங்கள், அல்லது எனக்குப் போன் செய்யுங்கள். அந்தப் பெண்ணின் நம்பரை அவளிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன்.

மற்றவர்கள் இன்று சாயங்காலம் வடை வாங்கப் போகும்போது ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டுப்பாடம் இவ்வளவுதான்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி சார்