எடைக்கு விலை உண்டு, இனிப்புக்கு?

கோடை பிறந்துவிட்டால் தாதர், சயான் ஸ்டேஷன் வாசல்களில் கர்பூஜாவும் கலிங்கட்டும் குவிந்துவிடும். ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளிக்கும், ஆபீஸ் விட்டு வரும் குமாஸ்தாவுக்கும் கட்டுப்படியாகும் பழம் அதுதான். ஆனால் கீற்றைக் கையில் வாங்கும் முன்பே, "ஹார்மோன் அடித்து வளர்த்ததாமே?" என்ற சந்தேகமும் வந்துவிடுகிறது.

இந்தச் சந்தேகம் விளையாட்டல்ல. 2025 கோடையில் தர்ப்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு தமிழ்நாட்டில் பரவி, விலை சரிந்து, பயிரிட்டவர்கள் தவித்துப் போனார்கள். பம்பாயில் சம்பளம் வாங்கி ஊரில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு அந்த வேதனை புரியும்.

வளர்ச்சி ஊக்கி என்பது உரமும் அல்ல, சாயமும் அல்ல. முலாம்பழக் கொடியில் ஆண் பூக்களே முதலில், அதுவும் ஏராளமாகப் பூக்கும். அவற்றில் காய் பிடிக்காது. கொடி இரண்டு, நான்கு இலை விட்டிருக்கும்போது எத்ரல் தெளித்தால், அது செடிக்குள் எத்திலீன் வாயுவாக மாறிப் பெண் பூக்களைக் கூட்டுகிறது. பழம் உருவாவதற்குப் பல வாரங்கள் முன்பே முடிந்துவிடும் வேலை இது. இதைக் கேட்டு அலற வேண்டியதில்லை.

கோளாறு அளவில்தான். கொடிவகைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 250 பி.பி.எம். அதாவது பத்து லிட்டர் நீருக்கு இரண்டரை கிராம் சரக்கு. கடையில் கிடைக்கும் புட்டியிலோ சரக்கு 39 சதவீதம்தான். இந்தக் கணக்கை விவசாயிக்கு யார் போட்டுக் கொடுக்கிறார்கள்? மூடியால் அளந்து ஊற்றுகிறார். போதாக்குறைக்கு, வெள்ளரிக்கும் முலாம்பழத்துக்கும் கைகொடுக்கும் அதே எத்ரல், தர்ப்பூசணியில் பெண் பூவைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "எல்லாக் கொடிக்கும் இதுவே" என்று தலையில் கட்டும் கடைக்காரரை என்ன சொல்வது!

சீனாவில் 2011 மே மாதம் தான்யாங் வட்டாரத்தில் தர்ப்பூசணிகள் வயலிலேயே வெடித்துச் சிதறின. காயைப் பெருக்கவைக்கும் ஃபோர்குளோர்ஃபெனூரான் என்ற மருந்தைக் காலம் தவறி அடித்ததும், பலத்த மழையும் சேர்ந்துகொண்டன என்றார்கள் நிபுணர்கள். மருந்தே அடிக்காத சில வயல்களிலும் பழம் வெடித்ததால் பழி முழுவதையும் மருந்தின் மேல் போட முடியவில்லை. ஆனாலும் பெரிய காய்க்கு ஆசைப்பட்டுத்தான் அதை அடித்தார்கள் என்பதில் ஐயமில்லை.

அந்த ஆசை விவசாயிக்கு எங்கிருந்து வருகிறது? மண்டியிலிருந்துதான். அங்கே எடைக்கு விலை, உருவத்துக்கு விலை. இனிப்பை யாரும் கேட்பதில்லை. சர்க்கரையைச் சமைப்பது இலை. ஒரு கொடியில் காயை அளவுக்கு மீறி ஏற்றினால் எல்லாமே சப்பென்றுதான் இருக்கும். பறித்தபின் முலாம்பழம் மெத்தென்று ஆகலாம், மணக்கலாம், இனிப்பு கூடாது. மாம்பழம் போலச் சேர்த்து வைத்த மாவுச்சத்து அதில் இல்லை. எனவே முந்திப் பறித்து விற்பதே பெரிய ஏமாற்று. அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை.

நாலு சொட்டுச் சாற்றில் இனிப்பை அளந்து காட்டும் கருவி இருக்கிறது. வாஷி மார்க்கெட்டில் லோடு இறங்கும்போதே அதை வைத்துப் பார்த்து விலை கட்டலாம். மருந்துக் கடைகளில் பயிர்வாரியாக அளவை மராட்டியிலும், நம் ஊரில் தமிழிலும் எழுதித் தொங்கவிடச் சொல்ல வேளாண்மை இலாகா முன்வரலாமே. அதுவரை, வாங்குகிறவர் "பெரிதாகப் பார்த்துக் கொடு" என்பதை விட்டு, "வெட்டிக் காட்டு" என்று கேட்கட்டும். கடைக்காரர் முணுமுணுப்பார், ஆனாலும் வெட்டுவார்.