தெய்வக் குழந்தைகளா? மனிதர்களா?

அறிவுசார் குறைபாடு உடையவர்கள், அதாவது ஜனங்கள் வழக்கமாய் மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று அழைக்கின்றவர்கள், 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் சுமார் 15 லட்சம் பேர். இவர்களில் பெரும்பாலோர் பெற்றோருடன் வீட்டிலேயே காலந்தள்ளுகின்றவர்கள். பெற்றோர் முதுமையடைந்தோ, இறந்தோ, வறுமையினால் வைத்துக் காக்க முடியாமலோ போகும்போது பலர், 10 பேர், 20 பேர் தங்கும் சிறு இல்லங்களில் போய்ச் சேருகின்றார்கள். அவ்வில்லங்களுக்குள் அவர்கள் எப்படி நடத்தப்படுகின்றார்கள் என்பதைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

இவ்வில்லங்களைப் பற்றி நம்மவர்களுக்குத் தெரிந்த சங்கதி ஒன்றே ஒன்றுதான். வீட்டில் பிறந்த நாள் வந்தாலும், திவசம் வந்தாலும், கலியாண நாள் வந்தாலும் அங்கே போய் ஒரு வேளைச் சாப்பாடு போட்டுவிட்டு, கேக்கு வெட்டி, வரிசையாய் நிற்க வைத்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்பி வருவது. வருகின்ற வழியில், "பாவம், தெய்வக் குழந்தைகள்!" என்று ஒரு பெருமூச்சு. அத்தோடு கடமை தீர்ந்தது. புண்ணியக் கணக்கிலும் வரவு வைத்தாயிற்று.

இதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். சோறு போடுவது குற்றமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் சோறு போட்டவர் இலையைப் பார்த்தாரே ஒழிய, இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாரா என்றுதான் கேட்கின்றோம். 45 வயதுள்ள ஒரு மனிதரை எதற்காகக் "குழந்தை" என்கின்றீர்கள்? குழந்தை என்று சொல்லிவிட்டால் அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டியதில்லை. தெய்வம் என்று சொல்லிவிட்டாலோ அவருக்கு ஆசை, கோபம், கூச்சம், பல்வலி ஒன்றும் இல்லையென்று ஆகிவிடுகின்றது. ஆகவே "தெய்வக் குழந்தை" என்ற இரண்டு வார்த்தைகளைக் கொண்டு ஒரு மனிதருடைய உரிமை முழுவதையும் பிடுங்கிக்கொண்டதுதான் இந்த மரியாதையின் யோக்கியதை.

இனி, தெய்வக் குழந்தை என்கின்ற அதே வாய்தான் பெற்ற தாயைப் பார்த்து, "போன ஜன்மத்தில் என்ன பாவம் செய்தாளோ" என்றும் சொல்லுகின்றது. தெய்வம் கொடுத்த பிள்ளை என்றால் பாவத்தின் கூலி எப்படி ஆகும்? பாவத்தின் கூலி என்றால் தெய்வப் பிள்ளை எப்படி ஆகும்? இதற்குப் பதில் சொல்லுகின்றவர்கள் இல்லை. வைத்திய சாஸ்திரமோ காரணங்களை ஒவ்வொன்றாய் எடுத்துக் காட்டிவிட்டது. டவுன் நிலையுள்ளவர்களுக்கு 21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாய் இருக்கின்றதென்று 1959-ம் வருஷமே வெளியாயிற்று. பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறினாலும், பிறவியிலேயே தைராய்டு சுரப்புக் குறைந்திருந்து அதைக் கண்டுபிடித்து மருந்து கொடுக்காமல் விட்டாலும் மூளை வளர்ச்சி கெடுகின்றது. கர்ப்பிணியின் உணவில் அயோடின் போதாவிட்டாலும் அப்படியே. அதனால்தான் உப்பில் அயோடின் கலக்கின்றார்கள். முன்ஜன்ம வினைதான் காரணமென்றால், உப்புக் கலக்கின்ற தொழிற்சாலைக்காரன் பிரம்மாவின் எழுத்தையே அழித்துவிட்டான் என்றல்லவா ஒப்புக்கொள்ள வேண்டும்?

இந்த நம்பிக்கை வெறும் வாய்ப்பேச்சோடு நின்றிருந்தால் நாம் இவ்வளவு வருந்த மாட்டோம். 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு தனியார் விடுதியின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் மனநோய்க்காரர்கள். தர்காவின் அருளினால் தெளிவு வருமென்று நம்பிச் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து விட்டவர்கள். சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தபடியால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு என்பது நமக்குத் தெரியும். முன்னதற்குச் சிகிச்சை உண்டு. பின்னது வாழ்நாள் முழுதும் கூட இருக்கின்ற ஒரு நிலைமை. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டமும் இரண்டையும் பிரித்தே சொல்லுகின்றது. ஆனால் எவருக்கு வாய் பேச வகையில்லையோ, எவரைக் கேட்பார் இல்லையோ, அவரை அடைத்து வைத்துவிட்டு அருளை எதிர்பார்க்கின்ற புத்தி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இதில் கோயில், தர்கா, சர்ச்சு என்ற பேதமும் இல்லை.

நிற்க, சிலர் சொல்லலாம்: "பெரிய பெரிய கொட்டடிகளில் அடைத்ததனால்தான் கேடு; சின்ன இல்லமாய் இருந்தால் குடும்பம் போல் இருக்கும்" என்று. பெரிய கொட்டடி கேடு என்பது வாஸ்தவம். அமெரிக்காவில் நியூயார்க்கு நகரத்திலிருந்த வில்லோபுரூக் என்ற ஸ்தாபனத்தில் 4,000 பேருக்குக் கட்டிய இடத்தில் 6,000 பேரைத் திணித்திருந்தார்கள். 1972-ல் அதன் அலங்கோலம் டெலிவிஷனில் வெளியாகி, வழக்கு நடந்து, 1987-ல் அது மூடப்பட்டது. ஆனால் சின்னதாய் இருப்பதனாலேயே நல்லதாகிவிடுமா? இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தின் பக்கத்தில் விண்டர்போர்ன் வியூ என்று ஓர் இடம். ஆஸ்பத்திரி என்று பெயர், 24 படுக்கைதான். ஓர் ஆளுக்கு வாரம் ஒன்றுக்குச் சராசரி 3,500 பவுன் பொதுப்பணம் கொடுக்கப்பட்டது. 2011-ம் வருஷம் மே 31-ந் தேதி பி.பி.சி. இரகசியமாய்ப் பிடித்த படத்தைக் காட்டியபோது, சிப்பந்திகள் அங்கிருந்தவர்களை அடிப்பதையும், உதைப்பதையும், தண்ணீரை ஊற்றி வதைப்பதையும் தேசமே பார்த்தது. 11 சிப்பந்திகள் குற்றவாளிகளாகி, 6 பேர் ஜெயிலுக்குப் போனார்கள். அங்கு வேலை செய்த ஒரு நர்சு முன்னமேயே மேற்பார்வை இலாகாவுக்குப் புகார் செய்திருந்தார், இலாகா அசையவில்லை. ஆகவே பணமும் இருந்தது, சட்டமும் இருந்தது, இலாகாவும் இருந்தது. உள்ளே போய்ப் பார்க்கின்ற கண்ணும், சொன்னதைக் கேட்கின்ற காதுந்தான் இல்லை.

சரி, "நடத்துகின்றவர் மகானாய் இருந்தால் போதாதா?" என்பார்கள். அதையும் பார்த்தாயிற்று. 1964-ல் பிரான்சு தேசத்தில் ஜீன் வானியே என்பவர், பெரிய ஸ்தாபனத்தில் அடைபட்டிருந்த இரண்டு பேரை அழைத்துவந்து ஒரு சிறு வீட்டில் கூட வாழத் தொடங்கினார். அது லார்ஷ் என்ற பெயரில் பல தேசங்களிலும் பரவிற்று. அந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவர் 2019-ல் இறந்தபின், 2020-ல் அந்தச் சங்கமே விசாரணை நடத்தி, தம்மை ஆன்மிக குருவாய் நம்பி வந்த பெண்களை அவர் கெடுத்தாரென்று வெளியிட்டது. அப்பெண்கள் குறைபாடு உடையவர்கள் அல்லர். நன்றாய்ப் பேசத் தெரிந்தவர்களே. அவர்களுடைய வார்த்தையே மகான் என்ற பட்டத்துக்கு முன் இத்தனை வருஷம் எடுபடவில்லை என்றால், வாயே இல்லாதவர்களின் கதி என்ன? எந்த ஆசாமியையும் பூசிக்காமல் விசாரிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

அப்படியானால் ஓர் இல்லம் நல்லதா கெட்டதா என்று எதைக் கொண்டு அறிவது? சுவரில் மாட்டிய படத்தையும், வாசலில் போட்ட கோலத்தையும் பார்த்து அல்ல. கதவின் சாவி யாரிடம் இருக்கின்றது, எந்நேரமும் பூட்டியிருக்கின்றதா என்று பாருங்கள். குளிக்கும் அறைக்கும் கக்கூசுக்கும் கதவு உண்டா? அவரவர் துணி அவரவருக்கா, அல்லது மூட்டையிலிருந்து எடுத்து மாட்டுவதா? இரவில் 20 பேருக்கு எத்தனை சிப்பந்திகள்? அவர்களுக்கு என்ன சம்பளம், ஓய்வு நாள் உண்டா? 24 மணி நேரமும் ஒரே பெண்ணை அற்பக் கூலிக்கு வேலை வாங்கிவிட்டு, அவள் கையிலிருந்து அன்பு மட்டும் வழிய வேண்டும் என்றால் எப்படி வழியும்?

எல்லாவற்றையும்விட முக்கியமாய் மருந்துச் சீட்டைப் பாருங்கள். அடங்காதவரைத் தூங்க வைப்பதற்கு மாத்திரைதான் இன்றையச் சங்கிலி. இங்கிலாந்தில் தக்க காரணமின்றி இப்படிப்பட்ட மனநோய் மருந்துகளைத் தின்று வருகின்ற குறைபாடுடையவர்கள் 30,000 முதல் 35,000 வரை என்று 2015-ல் சர்க்கார் இலாகாவே கணக்குச் சொல்லிற்று. பல்வலியையும் மலச்சிக்கலையும் வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளுகின்றார். "இவன் சுபாவம் அப்படி" என்று ஒரு மாத்திரை. வலி அப்படியே இருக்க, ஆள் மட்டும் அடங்கிப் போகின்றார். அதே தேசத்தில் 2013-ல் வெளியான விசாரணையில், குறைபாடுடைய ஆண்கள் மற்றவர்களைவிடச் சராசரி 13 வருஷமும் பெண்கள் 20 வருஷமும் முன்னதாகவே இறப்பதாகத் தெரிந்தது. இதைத் தலைவிதி என்போமா, வைத்தியம் பார்க்காத அக்கிரமம் என்போமா?

"இப்படியெல்லாம் குற்றங் கண்டுபிடித்தால், ஏதோ செய்கின்ற நாலு பேரும் மூடிவிட்டுப் போய்விடுவார்கள்" என்று ஒரு சமாதானம் உண்டு. யோக்கியமாய் நடத்துகின்றவர் கேள்விக்கு அஞ்சமாட்டார். அப்படி நடத்துகின்றவர்கள் இருக்கின்றார்கள். அவர்களுக்குப் பொதுப்பணத்திலிருந்து போதுமான உதவி கொடுக்க வேண்டும் என்பதே நமது கக்ஷி. கேள்வி கேட்டவுடனே மூடிவிட்டுப் போகின்றவர் எதை மறைத்து வைத்திருந்தார் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

சட்டம் இல்லையென்றும் சொல்ல முடியாது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவில்லாமல் இல்லம் நடத்தக் கூடாது. இந்த இடத்தில்தான் இருக்க வேண்டுமென்று எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கொடுமை நடப்பதாய் அறிந்த யாரும் நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கலாம். தம் பொறுப்பில் உள்ளவருக்கு வேண்டுமென்றே சோறு தண்ணீர் மறுத்தால் 6 மாதம் முதல் 5 வருஷம் வரை தண்டனை. "எங்களுக்குப் பின் யார்?" என்று தவிக்கின்ற பெற்றோருக்காக 1999-ம் வருஷத்து நேஷனல் டிரஸ்ட் சட்டம் இருக்கின்றது. அதன்படி ஜில்லாக் கமிட்டி காப்பாளரை நியமிக்க முடியும். அக்கமிட்டியில் குறைபாடுடைய ஒருவரும் உட்கார வேண்டுமென்பது விதி. இவ்வளவும் காகிதத்தில் இருக்கின்றது. ஜனங்கள் கேட்காத வரையில் காகிதத்திலேயேதான் இருக்கும்.

ஆகையால் தோழர்களே! உங்கள் ஊரிலோ பக்கத்திலோ இப்படி ஓர் இல்லம் இருந்தால், அடுத்த பிறந்த நாள் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்றுமில்லாத ஒரு நாளில், சொல்லாமல், வெறுங்கையோடு போங்கள். பதிவுச் சீட்டைக் கேளுங்கள்; சமையலறையையும் கக்கூசையும் பாருங்கள். அங்கிருக்கின்ற ஒருவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, அவர் பெயரைக் கேட்டு, "வாங்க, போங்க" என்று பேசுங்கள். உள்ளே விடமாட்டோம் என்றால், அதுவே கலெக்டருக்கு எழுதப் போதுமான சமாசாரம். பெற்றோர்களும் தங்களுக்குள் சங்கம் கூடி, மாதம் ஒருவராய் முறை வைத்துப் போய்ப் பார்க்க வேண்டும். தானம் கொடுக்கின்றவர் தயவில் வாழ்கின்றவன் வாய் திறக்க மாட்டான். உரிமையினால் வாழ்கின்றவன்தான் உப்புக் குறைந்தது என்று சொல்லுவான். அந்த இல்லத்திலுள்ள ஒருவர், "இந்தச் சோறு எனக்கு வேண்டாம், வேறு கொடுங்கள்" என்று பயமில்லாமல் சொல்லக்கூடிய நாள் வரும்வரையில், நாம் போடுகின்ற அன்னதானம் எதுவும் நமது பெருமைக்கே ஒழிய அவர்களுக்கு அல்லவென்று கண்டிப்பாய்ச் சொல்லுவோம்.