யார் செய்தது?



அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. கையில் சில நாள் விடுமுறை. அது முடிந்த கையோடு பொங்கல் வந்துவிடும். இந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு பொருளாவது செய்து பாருங்கள். வாழ்த்து அட்டை ஆகட்டும், உட்காரும் பலகை ஆகட்டும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. “யார் செய்தது?” என்று யாராவது கேட்டால் நீங்கள் தயங்காமல் பதில் சொல்ல வேண்டும்.

நிபந்தனை எதற்கு என்கிறீர்களா? பள்ளியில் செயல்திட்டம் கொடுத்தால் வீட்டில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். தெர்மாகோல் எரிமலையை அப்பா வெட்டுவார். வண்ணத்தை அக்கா பூசுவாள். பெயர் மட்டும் உங்களுடையது! சில ஊர்களில் கடையிலேயே தயாராக விற்கிறார்கள். இது ஆசிரியர்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். தெரிந்துகொண்டே மதிப்பெண் போட்டவர்கள் கூட்டத்தில் நானும் உண்டு.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் செய்திருக்கிறேன். செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். 1888-ம் ஆண்டு நம் திருத்தணிப் பக்கத்தில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்த நாள். அன்று மாணவர்கள் எனக்கு அட்டைகள் கொடுத்தார்கள். ஒன்றைத் திறந்தால் பாட்டே பாடியது! ஒரு பையன் மட்டும் பழைய காலண்டர் அட்டையை வெட்டி, அதில் தறி நூலால் பூ ஒட்டிக் கொண்டு வந்தான். பூ கோணலாக இருந்தது. ‘ஆசிரியர்’ என்பதற்கு வல்லின ‘றி’ போட்டிருந்தான். கடை அட்டைகளை மேசைமேல் வரிசையாக நிற்க வைத்தேன். அவன் அட்டையை வருகைப் பதிவேட்டுக்குள் செருகிவிட்டேன். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அடுத்த ஆண்டு அவனும் கடையில் வாங்கிய அட்டையோடு வந்தான். அவன் வீட்டு நிலைமையில் அது சுலபமான செலவு அல்ல.

அந்த நூலுக்குப் பின்னால் எத்தனை பேர் கை இருந்திருக்கும் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில், பள்ளிப்பட்டுப் பக்கம் இருக்கும் பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஊர். தெருவுக்குள் நுழையும்போதே விசைத்தறியின் சத்தம் கேட்கும். துணியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஊடை நூலை ஒருவர் தாரில் சுற்றித் தர வேண்டும். பழைய பாவு தீர்ந்தால் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். விரல்கள் அதைச் செய்யும் வேகத்தைப் பார்த்தால் கண் சுற்றும். அப்பா, அம்மா, பாட்டி என்று ஆளுக்கு ஒரு வேலை பார்த்தால்தான் ஒரு துணி வெளியே வரும்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக்குப் போகாமல் தறியில் உட்காருவதை நான் சொல்லவில்லை. 14 வயது நிறையாத குழந்தையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். விடுமுறையில் உங்கள் ஆசைக்கு ஒரு பொருள் செய்வது வேறு, கூலிக்கு உழைப்பது வேறு.

இனி வாழ்த்து அட்டைக்கு வருவோம். அச்சிட்ட கிறிஸ்துமஸ் அட்டை எப்படி வந்தது தெரியுமா? 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்கு எல்லோருக்கும் கடிதம் எழுத நேரம் இல்லை. ஓவியர் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் வரைந்து வாங்கி, ஆயிரம் அட்டை அச்சடித்துவிட்டார். எழுத நேரம் இல்லாததால் பிறந்ததுதான் அச்சு அட்டை! இன்று அதற்கும் நேரம் இல்லாமல், வாட்ஸ்-அப்பில் வந்த பொங்கல் பானையை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறோம்.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையில் 3 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டுங்கள். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் கால் அங்குலத்துக்கு ஒன்றாக 11 சிறு வெட்டுகள் போடுங்கள். அவற்றில் மாட்டி, மேலும் கீழுமாக நூலை இழுத்துக் கட்டுங்கள். இதுதான் உங்கள் பாவு. மழுங்கிய ஊசியில் வேறு நிற நூலைக் கோத்து, ஓர் இழைக்கு மேலே, அடுத்த இழைக்குக் கீழே என்று குறுக்கே கொண்டு போங்கள். திரும்பி வரும்போது மேலே போனதற்குக் கீழே வர வேண்டும். நூலை அதிகம் இழுத்தால் இடுப்பு ஒடுங்கிப் போகும். முதல் தடவை எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும். முடிந்ததும் மடித்த அட்டையின் முகப்பில் மைதாப் பசையால் ஒட்டிவிடுங்கள். நூல் கிடைக்காதவர்கள் தையல் கடையில் கேட்டால் துண்டு நூல் தருவார்கள். உள்ளே வாழ்த்தை நீங்களே எழுதுங்கள். தங்கைக்கு எழுதத் தெரியாவிட்டால் அவள் கைவிரலை மையில் தொட்டு வைக்கட்டும்.

மரவேலை பிடித்தவர்களுக்கு ஒரு கேள்வி. முக்காலி ஆடுவதில்லை, நாற்காலி ஆடுகிறதே, ஏன்? மூன்று விரல் நுனிகளின்மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை வையுங்கள். ஒரு விரலைத் தாழ்த்தினால் நோட்டு சாயும். ஆனாலும் மூன்று விரலையும் தொட்டுக்கொண்டே இருக்கும். நான்காவது விரலையும் சேர்த்துப் பாருங்கள். நான்கும் சரிமட்டமாக இல்லாவிட்டால் ஏதாவது ஒரு விரல் தொடாமல் நிற்கும். பொங்கல் பானைக்கு மூன்று கல் வைக்கிறார்களே, அந்தப் பாட்டிகள் இந்தக் கணக்கை எந்தப் புத்தகத்தில் படித்தார்கள்!

அதற்காகப் பாட்டிக்கு முக்காலி செய்துவிடாதீர்கள். ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் அது கவிழ்ந்துவிடும். அவருக்கு நான்கு கால்தான் நல்லது. புதிதாகச் செய்வதானால், பாட்டியை உட்கார வைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். அந்த உயரம் இருந்தால் கால் தரையில் பதியும், எழுவதும் எளிது. கடை நாற்காலி உங்கள் பாட்டியை அளந்து செய்ததில்லையே! மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தச்சர் மூலமட்டம் வைப்பார். நமக்கு நோட்டின் மூலை போதும். ரம்பம் பெரியவர் கையில் இருக்கட்டும். உப்புத்தாள் தேய்ப்பது உங்கள் வேலை.

புதிதாகச் செய்ய மரம் இல்லையா? வீட்டில் ஆடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்டூலைச் சரிசெய்யுங்கள். சமமான தரையில் வைத்து, தூக்கி நிற்கும் காலின் அடியில் காகிதத்தை மடித்து மடித்துச் செருகுங்கள். ஆட்டம் நின்றதும் அந்தக் கனத்துக்குப் பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டு வெட்டி, அந்தக் காலின் அடியில் சிறு ஆணியால் அடித்துவிடுங்கள். தரையில் கீறல் விழாமல் இருக்க, ஆணித் தலை ரப்பருக்குள் அமுங்க வேண்டும்.

என்ஸோ மாரி என்ற இத்தாலிய வடிவமைப்பாளர் 1974-ல் ஒரு காரியம் செய்தார். பலகையும் ஆணியும் சுத்தியலும் இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடிய மேசை, நாற்காலி, கட்டில்களின் வரைபடங்களை, தபால் செலவு அனுப்பிய யாருக்கும் கொடுத்தார். நாற்காலி விற்பனையை நிறுத்துவது அவர் நோக்கமில்லை. தன் கையால் ஒன்று செய்தவருக்கு, அடுத்த முறை கடையில் ஒரு நாற்காலியைப் பார்க்கும்போது எது நல்ல வேலை, எது ஒப்புக்குச் செய்த வேலை என்று தெரியும் என்றே அவர் எண்ணினார். 3 அங்குலம் நெய்து பார்த்த பிறகு ஒரு முழு லுங்கியைத் தொட்டுப் பாருங்கள், உங்களுக்கே புரியும்.

அம்மா அப்பாவுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒட்டியது கோணலாக இருந்தால் பிய்த்துத் திரும்ப ஒட்டிவிடாதீர்கள்.

அட்டை தயாரானதும் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே தபாலில் சேர்த்துவிடுங்கள். நூல் ஒட்டிய அட்டை கனமாக இருக்கும். அதனால் பெட்டியில் போடாமல், அஞ்சலகத்துக்கே எடுத்துப் போய், எடை போட்டுக் கேட்டுத் தபால்தலை ஒட்டுங்கள். பின்கோடு எண்ணை மறக்காதீர்கள். அனுப்புநர் என்ற இடத்தில், செய்தவர்கள் எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். கைவிரல் வைத்த தங்கையின் பெயரையும் சேர்த்து.