ஓட்டில் ஜெயித்தும் முடி இழந்த மன்னர்: லியோபோல்டுக்கு என்ன ஆச்சு?

1950 மார்ச் 12. 'மன்னர் திரும்பி வரலாமா?' என்று பெல்ஜியத்தில் ஓட்டெடுப்பு. 57.68% பேர் 'வரட்டும்' என்றார்கள். அடுத்த ஆண்டே மூன்றாம் லியோபோல்ட் முடி துறந்தார். ஏன்?

1940 மே 28-ல் ஜெர்மனியிடம் சரணடைந்ததைத்தான் பலரும் குற்றமாகச் சொல்வார்கள். அது நியாயமில்லை. 18 நாள் சண்டையில் அவரது படை ஓய்ந்துபோயிருந்தது.

சிக்கல் அதற்கப்புறம்தான். அமைச்சர்கள் கூப்பிட்டும் போகாமல், 'நானும் போர்க்கைதிதான்' என்று லேக்கன் அரண்மனையில் தங்கிவிட்டார். சரி, கைதின்னா கைதி மாதிரி இருக்கணும் இல்லையா? அந்த நவம்பரிலேயே ஹிட்லரைப் போய்ப் பார்த்தார். கைதான வீரர்களுக்காகப் பேசத்தான் போனார் என்பது ஆதரவாளர்கள் வாதம். 1941-ல் இரண்டாவது கல்யாணம் வேறு!

ஹிட்லர் பிளெமிஷ் மொழி பேசும் வீரர்களில் பெரும்பாலோரை விடுவித்தார். பிரெஞ்சு பேசும் வலோன் வீரர்கள் போர் முடியும்வரை முகாமில் கிடந்தார்கள். கல்யாணச் செய்தி அந்த வீடுகளில் எப்படி இறங்கியிருக்கும்?

ஓட்டைப் பாருங்கள்: பிளாண்டர்ஸில் 72% ஆதரவு, வலோனியாவில் வெறும் 42%. ஜூலையில் அவர் திரும்பியதும் வலோனியா ஸ்தம்பித்தது. லீஜ் நகருக்கு அருகே நடந்த துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் பலி. அதற்குப் பிறகுதான், 19 வயது மகன் போதுவானிடம் பொறுப்பைக் கொடுத்தார்.