நாலால் வகுத்தா போதுமா?

சுமை எல்லாப் புள்ளிகளிலும் சமமாகப் பரவுதுன்னு கேள்வித்தாளில் போட்டிருந்தா நமக்கெல்லாம் ஒரு நிம்மதி. நாலால் வகுத்து, விடையைச் சுற்றிக் கட்டம் போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடலாம். ஷெட்டுக்குள்ள மெஷின் நகர்த்துறப்பவும் அதே பழக்கம் வருது. 8 டன் லேத், அடியில் நாலு ரோலர். ஆளுக்கு 2 டன், எதுக்கும் இருக்கட்டும்னு 2.5 டன் ரோலர். இங்கதான் எனக்குச் சண்டை.

நாலு கால் டீக்கடை பெஞ்ச் ஆடும், முக்காலி ஆடாது. தரை எங்கேயும் மட்டமா இருக்கிறதில்லை. லேத் பெட் வார்ப்பிரும்பு, அது வளைஞ்சும் கொடுக்காது. ஒரு ரோலர் கான்கிரீட் ஜாயின்ட்டில் கொஞ்சம் இறங்கினாலே அது சும்மா நிற்கும். சுமை மிச்ச மூணுக்கும்தான்.

அதுவும் சமமா இல்லை. பொதுவா ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம். இரண்டு பக்க ரோலர்களுக்கும் இடையே 3 மீட்டர், ஈர்ப்பு மையம் ஹெட்ஸ்டாக் பக்கத்திலிருந்து 1 மீட்டர், அகலத்தில் நடுவில் என்று வைப்போம். ஹெட்ஸ்டாக் பக்கம் 5.33 டன், டெயில்ஸ்டாக் பக்கம் 2.67. டெயில்ஸ்டாக் பக்க வலது ரோலர் பள்ளத்தில் இறங்கினா, அந்த 2.67 முழுக்க இடது ரோலருக்குப் போயிடும். வலது பக்கத்து 4 டன்னைத் தாங்க ஹெட்ஸ்டாக் வலது ரோலர் ஒண்ணுதான் மிச்சம். 2.5 டன் ரோலர் மேல 4 டன்! ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் வகுப்பில் தூங்கினவங்களும் போட்டுப் பார்க்கலாம்.

நாலு ரோலர் போட்டாலும் ஒவ்வொண்ணும் மொத்த எடையில் பாதியைத் தாங்கணும்கிறதுதான் என் கட்சி. ஈர்ப்பு மையம் ஒரு பக்கமா ஒதுங்கியிருந்தா அதுக்கும் மேல. நேம்பிளேட் எடையில் சக், ஃபிக்ஸர், டேங்க்கில் மிச்சமிருக்கிற கூலன்ட் எல்லாம் சேர்ந்திருக்கான்னும் பார்க்கணும்.

"ரோலரில் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி இருக்குமே" என்பாங்க. அது அதிர்ச்சிக்கும் தேய்மானத்துக்கும் வச்சது, நம்ம வகுத்தல் கணக்கை மூடி மறைக்க இல்லை. செலவு கூடும்னும் சொல்வாங்க. கூடட்டும். கணக்கு போட்டவர் ஆபீஸ்ல இருப்பார். கடப்பாரையோட மெஷின் ஓரமா நிக்கிறவர் கான்ட்ராக்ட் தொழிலாளி. ரோலர் உடைஞ்சா நசுங்கப்போறது அவர் கால்தான்.

இன்னொண்ணு, ரோலர் தாங்கினாலும் தரை தாங்கணும். அந்த 4 டன்னும் உள்ளங்கை அளவு இடத்தில்தான் இறங்குது. வழியில் கேபிள் ட்ரெஞ்ச் மூடி இருந்தா, தடிமனான இரும்புத் தகடு போடாம மெஷினைத் தள்ள விடாதீங்க.